நசாவ் துறைமுகத்தில் இறங்கலாமா?

2024 ஜனவரி 24 அன்று பஹாமாஸில் உள்ள அமெரிக்கத் தூதரகம் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. ஆண்டு பிறந்து மூன்று வாரம் சொச்சம். அதற்குள் தலைநகர் நசாவில் 18 கொலைகள். மயாமியிலிருந்து மூன்று இரவு, நான்கு இரவு குரூஸுக்கு (கப்பல் சுற்றுலாவுக்கு)ப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: போவதா, ரத்து செய்வதா?

கொலைகளுக்கு முதன்மையான காரணம் கும்பல்களுக்குள் நடக்கும் பழிவாங்கல் என்று அதே எச்சரிக்கை சொன்னது. தலைப்புச் செய்தியில் நின்றது 18 என்ற எண் மட்டும். ஆனால் அந்த ஆண்டு முடிந்தபோது பஹாமாஸுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 1.12 கோடிப் பேர். அதுவரை இல்லாத உச்சம் அது. வந்தவர்களில் பெரும்பகுதி கப்பலில் வந்தவர்கள்.

அப்படியானால் பயம் யாரையும் தடுக்கவில்லையா? தடுத்தது. ஆனால் நாட்டுக்கு வருவதை அல்ல. வந்த பிறகு எங்கே கால் வைப்பது என்பதை மாற்றியது.

இதற்கு அடியில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணியர் கப்பல் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்பி வருவதானால், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். பெரிய குரூஸ் கப்பல்கள் அனேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்ட்டா போன்ற வெளிநாட்டுக் கொடிகளில் ஓடுபவை. மயாமியிலிருந்து நசாவ் சுமார் 300 கிலோமீட்டர். ஓர் இரவுப் பயணம். மூன்று நாள் பயணத்தில் இதைவிட்டால் பஹாமாஸின் வேறு தீவுகள்தான் கைக்கெட்டும். எத்தனை எச்சரிக்கை வந்தாலும் நிறுவனங்கள் பஹாமாஸை மொத்தமாகக் கைவிட முடியாது. மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிளம்பும் குறும்பயணங்கள் மெக்சிகோவின் என்செனாடாவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே நிறுவனங்கள் கண்ட வழி தனியார் தீவு. நார்வீஜியன் நிறுவனம் கிரேட் ஸ்டிரப் கே தீவை 1977லேயே வாங்கிவிட்டது. ராயல் கரீபியன் 2019இல் கோகோகே தீவைப் பெரும் செலவில் புதுப்பித்தது. கார்னிவல் 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமா தீவில் செலிப்ரேஷன் கீ என்ற சொந்தத் துறைமுகத்தைத் திறந்தது. பாதுகாப்பு இதில் ஒரு பகுதிதான் என்பது என் கருத்து. பயணி செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் நிறுவனத்துக்குள்ளேயே சுற்றிவரும் என்பது இன்னொரு பெரிய பகுதி. தலைநகரின் பே தெருவில் ஓலைப் பை பின்னி விற்பவர்களுக்கு அந்த நாளின் வியாபாரம் போய்விடுகிறது. குற்றம் செய்தவன் யாரோ, தண்டனை கட்டுவது இவர்கள்.

வேலி போட்டாலும் பயம் போகாது என்பதற்கு ஹெய்ட்டியின் லபாடி சாட்சி. வட கரையில், வேலியடைத்த முனை அது. ராயல் கரீபியன் 1986 முதல் குத்தகைக்கு வைத்திருக்கிறது. வன்முறையின் மையமான போர்ட்-ஓ-பிரின்ஸ் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர், இடையில் மலைகள். ஆனாலும் 2024 மார்ச்சில் கப்பல்களை நிறுத்தினார்கள், அக்டோபரில் திரும்பினார்கள், 2025 ஏப்ரலில் மறுபடியும் நிறுத்தினார்கள். ஹெய்ட்டி முழுவதுக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறை ‘நிலை 4, பயணம் செய்யாதீர்’ என்று போட்டிருக்கும்போது, வேலிக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பயணியை நம்பவைப்பது கடினம்.

பயம் நாட்டின் பெயரைப் பார்க்கிறது. ஆபத்து தெருவையும் நேரத்தையும் பார்க்கிறது. தேர்வுகள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். மெக்சிகோவில் துப்பாக்கிச்சூடு என்ற செய்தியைக் கேட்டுக் கோசுமெல் தீவுப் பயணத்தை ரத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். செய்தி சினலோவா மாநிலத்தைப் பற்றியதாக இருக்கும். சினலோவாவின் துறைமுகமான மசாட்லானிலிருந்து கோசுமெல் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

மசாட்லானின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 2011இல் பல நிறுவனங்கள் அங்கே போவதை நிறுத்தின. கபோ சான் லூகாஸ், புவெர்ட்டோ வயார்ட்டா ஆகிய இரண்டில் கூடுதல் நேரம் நின்று ஈடுகட்டினார்கள். 2013 நவம்பரில் கப்பல்கள் திரும்பத் தொடங்கியபோது, ஊர்க்காரர்கள் துறைமுகத்திலிருந்து பழைய நகர மையம்வரை சாலையில் ஒரு நீலக் கோடு வரைந்து வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் நடந்தால் போதும். வழியில் உதவிக்கு ஆட்கள் நிற்பார்கள். ‘நாடு பாதுகாப்பானதா’ என்று குழம்பும் பயணிக்கு ‘இந்தக் கோடு பாதுகாப்பானது’ என்று பதில் சொன்ன ஊர் அது. சுற்றுலாப் பாதுகாப்பில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது.

பயணிகள் உண்மையில் கொள்ளைக்கு ஆளான நிகழ்வுகளை அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். 2009 நவம்பரில் நசாவில், செக்வே வண்டியில் இயற்கைப் பூங்கா சுற்றப்போன குழு. 2010 நவம்பரில் செயின்ட் கிட்ஸில், பிரிம்ஸ்டோன் ஹில் கோட்டைக்குப் போன பேருந்தில் 17 பேர். 2012 பிப்ரவரியில் புவெர்ட்டோ வயார்ட்டா அருகே, காட்டுப்பாதை பார்த்துவிட்டுத் திரும்பிய 22 பேர். 2013 ஜனவரியில் செயின்ட் லூசியாவில், தாவரத் தோட்டம் பார்க்கப் போன 55 பேர். நான்கும் பகலில் நடந்தவை. நான்கிலும் குழுவாகத்தான் போயிருந்தார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த, ஒற்றை வழி கொண்ட இடம். எந்த நாளில் எந்த நேரத்துக்கு வண்டி வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பாதை. ‘தனியாகப் போனால் ஆபத்து, கூட்டமாகப் போனால் பத்திரம்’ என்ற நம்பிக்கை பொதுவாகச் சரி. இந்த வகைக் கொள்ளைக்கு மட்டும் கூட்டமே குறி.

இதனால் கப்பலில் விற்கும் கரைச் சுற்றுலா வேண்டாம் என்று பொருளல்ல. அதில் கிடைப்பது வேறு நன்மை: வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நடத்துபவரிடம் காப்பீடு இருக்கும், சம்பவத்துக்குப் பிறகு கேட்க ஓர் ஆள் இருப்பார். வெளியே மலிவாகப் பிடித்த வண்டி தாமதமானால் கப்பல் போய்விடும்.

நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதத்தையும் அளந்து படிக்க வேண்டும். 2010 ஜூலையில் செயின்ட் தாமஸ் தீவின் கோக்கி கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பதின்ம வயதுக் கப்பல் பயணி ஒருவர், கும்பல்களின் துப்பாக்கிச்சூட்டுக்கு நடுவே சிக்கி இறந்தார். அந்த வழக்கில் 2012இல் அமெரிக்காவின் 11ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பயணிகள் போகக்கூடிய கரைப்பகுதிகளில் தனக்குத் தெரிந்த ஆபத்தைச் சொல்லி எச்சரிக்கும் கடமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு என்றது. கடிதம் வருகிறது என்றால் ஆபத்து நேற்றுக் கூடியது என்று பொருள் இல்லை, கடமையை நிறைவேற்றியிருக்கிறார்கள். கடிதத்தில் ஊர்ப்பகுதியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர் இருந்தால் அது பயனுள்ள கடிதம்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண அறிவுறுத்தலைப் படிக்கும்போது 1 முதல் 4 வரையுள்ள நிலை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். மெக்சிகோ போன்ற நாட்டுக்கு மாநில வாரியாகத் தனி நிலை இருக்கும். உங்கள் துறைமுகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தப் பத்திக்குப் போங்கள். பிறகு, அரசு ஊழியர்களுக்கே விதித்திருக்கும் தடை என்ன என்று தேடுங்கள். மொத்த அறிக்கையிலும் மிக உண்மையான வரி அதுதான். பஹாமாஸ் அறிவுறுத்தலில் அந்த வரி எதைப் பற்றியது தெரியுமா? நசாவ் இருக்கும் நியூ பிராவிடன்ஸ், அதை ஒட்டிய பாரடைஸ் ஆகிய தீவுகளில் தனியாட்கள் வாடகைக்கு விடும் ஜெட் ஸ்கீகளை (நீர் ஸ்கூட்டர்களை) அமெரிக்க அரசு ஊழியர்கள் பயன்படுத்தக் கூடாது. ஜெட் ஸ்கீ ஓட்டுநர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் பாலியல் வன்கொடுமை செய்த புகார்கள் இதன் பின்னணி. 18 கொலைகளுக்குப் பயந்து அறையைவிட்டு வெளியே வராதவர், அடுத்த துறைமுகக் கடற்கரையில் கூப்பிடும் முதல் ஜெட் ஸ்கீயில் மகளை ஏற்றிவிட்டால் பயம் தப்பான இடத்தில் செலவாகியிருக்கிறது.

கும்பல் வன்முறைக்காக அதே அறிவுறுத்தல் பெயர் சொல்லி எச்சரிக்கும் நசாவின் ‘ஓவர் தி ஹில்’ பகுதி ஷர்லி தெருவுக்குத் தெற்கே இருக்கிறது. கப்பல் நிற்கும் பிரின்ஸ் ஜார்ஜ் துறைக்கு வெளியே வந்தால் முதலில் வருவது பே தெரு; அதற்கு இணையாக உள்ளே ஓடுவது ஷர்லி தெரு. துறைமுகம், ஓலைச்சந்தை, மேற்கே ஜங்கானூ கடற்கரை என்று பகலில் கடலோரமாகவே நடந்தால் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே வராது. சில குறும்பயணக் கப்பல்கள் நசாவில் இரவு வெகுநேரம்வரை நிற்கும். பதிவு செய்யும் முன் புறப்படும் நேரத்தைப் பாருங்கள். இரவு 11 மணிவரை நிற்பதைச் சலுகை என்று விளம்பரம் சொல்லும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பலே மேல்.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டு விஷயம். ஒன்று, பயணச்சீட்டு ஒப்பந்தப்படி எந்தத் துறைமுகத்தையும் நிறுவனம் மாற்றலாம், விடலாம். பொதுவாகத் திரும்பிவருவது அந்தத் துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும்தான். ஒரே ஒரு ஊரைப் பார்ப்பதற்காகக் குரூஸ் எடுப்பது சரியான கணக்கு அல்ல. இரண்டு, ‘அந்த ஊரில் குற்றம் கூடிவிட்டது’ என்பது சாதாரணப் பயணக் காப்பீட்டில் ரத்துக்கான காரணமாக ஏற்கப்படுவதில்லை. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்ய இடம் தரும் காப்பீடு தனி. அதை முதல் பணம் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள் வாங்க வேண்டியிருக்கும், கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும், கிடைப்பதும் 50 முதல் 75 சதவீதம்தான். செய்தி வந்த பிறகு வாங்கலாம் என்றால் பெரும்பாலும் கெடு தாண்டியிருக்கும்.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் பாஸ்போர்ட்டைக் கரைக்கு எடுத்துப்போக வேண்டாம், கப்பல் அதிகாரிகள் கேட்டாலொழிய. பஹாமாஸில் இந்தியத் தூதரகம் இல்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள தூதரகமே அந்நாட்டையும் கவனிக்கிறது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் பறிபோனால் மாற்று ஆவணம், புது விசா இரண்டும் கிடைக்கும்வரை அமெரிக்கா திரும்ப முடியாது. கப்பல் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட்டின் நகல், சில்லறை டாலர் போதும். நகை கேபின் பெட்டகத்தில் இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அந்த ஒரு வாரத்துக்குக் கொடியை விட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம்.

இறங்கவே வேண்டாம் என்று கப்பலில் தங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி கப்பலில் நடந்த கடுமையான குற்றங்களின் எண்ணிக்கையைப் போக்குவரத்துத் துறை காலாண்டுக்கு ஒருமுறை, நிறுவன வாரியாக வெளியிடுகிறது. கரையில் நடப்பது அதில் வராது. 10,000 டாலருக்குக் குறைந்த திருட்டும் வராது. அந்தப் பட்டியலில் அதிகம் இருப்பது பாலியல் வன்கொடுமைப் புகார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் நள்ளிரவில் தனியாகச் சுற்றுவதற்குக் கப்பல் என்பதாலேயே அனுமதி கொடுத்துவிடாதீர்கள். அறைக் கதவில் பார்வைத் துளை இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் விதி. கதவைத் திறக்கும் முன் அதில் பார்க்கப் பழக்குங்கள். ஏதாவது நடந்துவிட்டால் எஃப்பிஐ, கடலோரக் காவல்படை, தூதரகம் ஆகியவற்றின் எண்களையும், தனிமையில் பேசத் தொலைபேசியையும் கப்பல் உடனே, இலவசமாகத் தர வேண்டும். வரவேற்பு மேசையில் தயங்கினால் சட்டத்தின் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். நடந்தது பாலியல் வன்கொடுமை என்றால் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவ அறைக்குப் போங்கள். சான்று சேகரிக்கும் பெட்டி அங்கே இருந்தாக வேண்டும்.