நான்கு மணிக்கு அணையும் சிவப்பு

அருங்காட்சியக உரைகளில் நான் எப்போதும் கடைசி வரிசைக்காரன். அரையிருட்டு அரங்கில் திரையில் படங்கள் மாறிக்கொண்டிருக்கையில் கண் சொக்கிய நாள்களும் உண்டு. 2015 பிப்ரவரியில், தெருவெல்லாம் பனி குவிந்து கிடந்த ஒரு பிற்பகலில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்தில் அமெரிக்க நவீன ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியங்களைப் பார்க்கப் போனபோது அப்படி நேரவில்லை.

அந்த ஓவியங்களின் கதை பல்கலைக்கழகத்துக்குப் பெருமை சேர்ப்பதன்று. அங்கிருந்த ஹோல்யோக் மையத்தின் மேல்மாடி உணவுக்கூடத்துக்காக ராத்கோ வரைந்து கொடுத்த, சுவரளவு பெரிய ஐந்து கான்வாஸ்கள் 1964-இல் அங்கே மாட்டப்பட்டன. கூடத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் இருந்தன. திரைச்சீலைகளை மூடி வைப்பதில் யாரும் அக்கறை காட்டவில்லை. ராத்கோ கலந்திருந்த 'லித்தால் ரெட்' என்னும் நிறமியோ வெளிச்சம் தாங்காதது. பட்டுப்புடவையை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அந்தக் கூடத்தில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். கருஞ்சிவப்பு வெளுத்து, சில இடங்களில் நீலம் மட்டும் மிஞ்சிய நிலையில், 1979-இல் ஐந்தும் கழற்றப்பட்டுக் கிடங்குக்குப் போயின. உலகின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டிய 2,500-க்கும் மேற்பட்ட நிறமி மாதிரிகளைப் போற்றி வைத்திருக்கும் நிறுவனத்தின் சாயம், உண்மையாகவே வெளுத்த கதை இது.

மேலே வண்ணம் பூசிச் சரிசெய்யவும் வழியில்லை. ராத்கோவின் பரப்பில் வார்னிஷ் என்னும் பாதுகாப்புப் பூச்சு கிடையாது. புதிதாகப் பூசினால் அது மூலத்தோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க இயலாது. ஆகவே பாதுகாப்பு வல்லுநர்கள் கான்வாஸைத் தொடாமலேயே வேலை செய்தார்கள். 1964-இல் எடுத்த வண்ணப் படங்களையும், வரைந்தும் மாட்டப்படாததால் வெளுக்காமல் தப்பிய ஆறாவது ஓவியத்தையும் துணையாகக் கொண்டு மூல நிறத்தைக் கணித்து, ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்துபோன நிறத்தை மட்டும் புரொஜெக்டர் வழியாக ஒளியாகப் பாய்ச்சினார்கள்.

கண்காட்சி நடந்தவரை தினமும் மாலை நான்கு மணிக்கு அந்த ஒளியை அணைத்துவந்தார்கள்; அதன் ஏற்பாடே அதுதான். மூன்றரை மணியிலிருந்து நான் ஒரே ஓவியத்தின் முன் நின்றேன். காய்ந்த திராட்சையின் நிறத்தில் ஆழ்ந்து கிடந்த பரப்பு, நான்கு அடித்ததும் ஓசையின்றிச் சாம்பல் பூத்தது. சற்றுமுன் விளிம்பு துலங்க நின்ற தூண் போன்ற வடிவம், பழைய சுவரில் நாள்காட்டி தொங்கிய தடம்போல் ஆயிற்று. அருகில் நின்ற முதியவர் ஒருவர் தாம் எதையோ கெடுத்துவிட்டவரைப் போல இரண்டடி பின்வாங்கினார். அதன் பிறகுதான் கூட்டம் பேசத் தொடங்கியது: எது உண்மையான ஓவியம், ஒளியோடு பார்த்ததா, இப்போது பார்ப்பதா? முன்பின் அறியாதவர்கள் ஒருவரோடொருவர் வாதிட்டார்கள். ஒரு மாணவி, ஒளியைப் பாய்ச்சுவதே ராத்கோவுக்குச் செய்யும் துரோகம் என்று அடித்துச் சொன்னாள்.

எனக்கு அவள் கட்சி உடன்பாடில்லை. ஒளியை நாள் முழுவதும் எரியவிட்டிருந்தால் அது வெறும் தொழில்நுட்ப வித்தையாக முடிந்திருக்கும். தன் கவனக்குறைவின் விளைவை அருங்காட்சியகமே நாள்தோறும் நேரம் குறித்துக் காட்டியதால்தான் அந்த வாதத்துக்கே இடம் கிடைத்தது. மறுநாளும் போனேன். மூன்றே முக்காலுக்கே ஒரு கூட்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தது.