சில்வர்கிளென் காட்டில் பச்சிலை பயின்ற புரட்டாசி மாதங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் நம்மோடு படித்து, இன்று லண்டனிலும் பெர்த்திலும் டொராண்டோவிலும் குடியேறியிருக்கும் நண்பர்கள் பள்ளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கால்பந்தாட்டத்தையே பேசுகிறார்கள். எனக்கோ முதலில் நினைவுக்கு வருபவர் 1980களின் பிற்பகுதியில் நமக்கு உயிரியல் கற்பித்த ஆசிரியர். வசந்தத்தின் முதல் மழை பெய்து, முள்முருங்கையின் இனத்தைச் சேர்ந்த இந்நாட்டு மரங்கள் இலை விடுமுன்பே செந்நிறமாகப் பூத்து நிற்கும் நாட்களில், அவர் எங்களை அருகிலிருந்த சில்வர்கிளென் காப்புக்காட்டுக்கு அழைத்துச் செல்வார். அது புரட்டாசி மாதமாகவும் இருந்ததால் எல்லோருடைய பொதியிலும் புளிச்சோறுதான் இருக்கும்.

பச்சிலையைப் பற்றி வீட்டில் கேள்விப்படாதவர் எங்களில் எவரும் இல்லை. 1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது முதல், கரும்புத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நம் ஆயாமார்களே. ஆனால் அவர்களிடம் நாங்கள் கேட்டறிந்தது இன்ன நோய்க்கு இன்ன இலை என்பது மட்டுமே. அந்த இலையைக் காட்டில் எப்படிக் கண்டுகொள்வது என்பது அவர்களுடைய கைக்கும் மூக்குக்கும்தான் தெரியும். ஆசிரியரோ பயனைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லமாட்டார். தண்டைத் தொடு, இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா என்று பார், காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று சொல், பிறகு பேசலாம் என்பார்.

வல்லாரையை அவர் காட்டிய விதத்தை இன்னும் மறக்கவில்லை. ஈரமான ஓரங்களில் தரையோடு படர்ந்திருக்கும் அக்கீரை, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதியில் இயல்பாகவே வளர்வது. அதைப் போலவே வட்ட இலையோடு படரும் வேறு கொடிகளும் இங்கே உண்டு. வல்லாரையில் இலை சிறுநீரக வடிவில் பிளந்திருக்கும், காம்பு அந்தப் பிளவில் வந்து சேரும், விளிம்பு பல்பல்லாக இருக்கும். கடற்கரை மணலில் வளரும் அதன் உறவுச்செடி ஒன்றிலோ தாமரையிலையில் போலக் காம்பு இலையின் நடுவே ஒட்டியிருக்கும். விளிம்பில் பல்லே இல்லாமல் மழுங்கியிருந்தால் அது புல்வெளியில் படரும் வேறொரு கொடி. இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் பிறகு ஒருபோதும் தடுமாறமாட்டார். கைப்பேசியில் ஒரு மங்கலான படத்தை அனுப்பி, "இது வல்லாரைதானே?" என்று கேட்கும் இக்கால வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காததற்குக் காரணம் அந்தப் பாடமே.

கற்பூரவல்லியைப் பற்றி ஒரு செய்தி எங்களை வியக்க வைத்தது. நாற்கோணத் தண்டும் எதிரெதிரான தடித்த இலையும் கசக்கினால் எழும் மணமும் கொண்ட அச்செடி ஒவ்வொரு வீட்டின் கொல்லையிலும் இருந்ததால், முன்னோர்தாம் அதைக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று நம்பியிருந்தோம். அது தென்னாப்பிரிக்க மண்ணுக்கும் உரிய செடி என்று அவர் சொன்னபோது, இந்தியத் தாவரம், ஆப்பிரிக்கத் தாவரம் என்று நாங்கள் போட்டு வைத்திருந்த கோடு அழிந்துபோயிற்று. செங்காந்தளும் குன்றிமணியும்கூட அப்படித்தான் இரு கரையிலும் வளர்கின்றன.

அவ்விரண்டும் நஞ்சு. ஆசிரியரின் பாடத்தில் நஞ்சுக்கே முதலிடம் இருந்தது. செங்காந்தள் பூப்பதற்குக் கோடை வரவேண்டும். அதற்கு முன்பே இலையின் நுனி நீண்டு பற்றுக்கம்பியாகச் சுருள்வதை வைத்து அதை அறியலாம் என்று காட்டினார். புல்வெளியில் வெண்ணிற இதழும் கருஞ்சிவப்பு நடுவுமாகப் பூத்திருந்த இம்பிலா என்னும் செடியின் அருகில் நீண்ட நேரம் நின்றார். அதன் கிழங்கைச் சூலு மக்கள் மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர் என்பதையும், அதே கிழங்கு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். அழகான பூவுக்கு இத்தனை கொடுமையா என்று ஒரு மாணவி கேட்டதற்கு, பூவை யாரும் தின்பதில்லையே என்று அவர் விடையளித்தது எங்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது.

நடையின் முடிவில் நகராட்சியின் மூலிகை நாற்றங்கால் வரும். டர்பன் வாரிக் சந்திப்பின் மூலிகைச் சந்தையில் விற்கும் பட்டைகளும் கிழங்குகளும் காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்படுவதால் அழிந்துவருகின்றன என்பதற்காகவே அங்கே அவற்றை வளர்த்தார்கள். இசிபாஹா எனப்படும் மிளகுப்பட்டை மரத்தின் கன்றை அங்கேதான் கண்டோம். மரத்தைச் சுற்றிலும் பட்டை உரித்தால், இலை ஆக்கிய உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து, வேர் பட்டினி கிடந்து மரம் சாகிறது என்பதை அவர் அந்தக் கன்றின் மேல் விரலால் வட்டமிட்டு விளக்கினார். பட்டையைப் போலவே அதன் இலைக்கும் காரம் உண்டு; அப்படியிருக்க மரத்தைக் கொல்வானேன் என்பது அவருடைய ஆதங்கம்.

ஆண்டு இறுதித் தேர்வில் பூவில்லாத கிளைகளை மேசையில் வரிசையாக வைத்து, இவற்றில் எதை யாருக்கும் கொடுக்கமாட்டீர்கள், ஏன் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். எந்த இலை எந்த நோயைத் தீர்க்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு அவர் ஒரு மதிப்பெண்கூட வழங்கவில்லை.