ஜிப் லீடை எங்கே வைப்பது?

சின்னப் பாய்மரப் படகில் மெயின் பாய்க்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட முன்பாயான ஜிப்புக்கு நாம் காட்டுவதில்லை. ஜிப்பை இழுத்துக் கட்டும் கயிறான ஷீட் நுழைந்து வரும் கப்பி, அதாவது லீட், யாரோ எப்போதோ வைத்த ஓட்டையிலேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். படகு காற்றை எதிர்த்து ஏற மறுத்தால் சுக்கானைத்தான் குறை சொல்வோம்.

பாயின் பின்மூலையை, அதாவது க்ளூவை, கயிறு எந்தக் கோணத்தில் இழுக்கிறது என்பது லீடின் கையில் இருக்கிறது. முன்னே நகர்த்தினால் இழுப்பு கீழ்நோக்கிப் போகும். பாயின் பின்விளிம்பான லீச் இறுகும், அடிப்பகுதி உப்பும். பின்னே நகர்த்தினால் அடிவிளிம்பு விறைக்கும், மேல்பாதி திறந்து காற்றை வழியவிடும். ஷீட் போகும் கோட்டைப் பாய்மேல் அப்படியே நீட்டிப் பாருங்கள். முன்விளிம்பான லஃப்பின் நடுவாக்கில் போய் முட்டினால் ஆரம்பத்துக்கு அது போதும்.

மீதியை நூல் சொல்லும். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் உல்லன் நூல், அடர் சிவப்பு நிறம். லஃப்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி மேலே, நடுவே, கீழே என்று பாயின் இரண்டு பக்கமும் ஒட்டுவேன். தையல் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். நூலின் நுனி தையலில் மாட்டிக்கொண்டால் அது சொல்வதெல்லாம் பொய்.

ஆடி மாதம் கன்னங்குறிச்சியில் மேல்காற்று நன்றாக அடிக்கும். சென்னைக்குப் படகை ஏற்றுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஜிப்பை ஏற்றிப் பார்த்துவிடுவோம். டிராலியோடு படகைக் காற்றுக்கு 45 பாகை வாக்கில் நிறுத்தி, ஷீட்டை இழுத்துக் கட்டி, முன்பக்கத்தை மெல்ல மெல்லக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். அக்கா மகனுக்குக் கண் கூர்மை.

“மாமா, மேல் நூல் துள்ளுது, கீழ ரெண்டும் படுத்தே கெடக்கு.”

“சரிடா, லீடை ஒரு ஓட்டை முன்னால தள்ளு.”

காற்றுப் பக்கத்து மேல் நூல் முதலில் துள்ளினால் பாயின் தலை அதிகமாகத் திறந்திருக்கிறது, லீட் முன்னே வர வேண்டும். கீழ் நூல் முந்திக்கொண்டால் பின்னே போக வேண்டும். மூன்றும் ஒன்றாகத் துள்ளும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு.

ஆனால் வாசலில் கிடைப்பது முதல் கோடுதான். மதிலும் தென்னையும் சேர்வராயன் மலையடிவாரமும் காற்றைச் சுழற்றிவிடும்; தரையோரம் அடங்கிய காற்று மேலே வேகமாக இருக்கும். ஏற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். அது பெடல் படகுக்கும் துடுப்புப் படகுக்கும் உரிய இடம். சென்னையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று நின்று வீசும்போது பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அங்கே காற்று வலுத்துப் படகு சாய்ந்தால் லீடை ஒரு ஓட்டை பின்னே விடுவேன்; தலை திறந்து, படகு நிமிரும். அலை குதித்துப் படகின் வேகத்தைத் தின்றால் ஒரு ஓட்டை முன்னே.

குறுக்களவும் முக்கியம். படகின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 10 பாகை என்று தொடங்கலாம். ஜிப்பின் முன்மூலையிலிருந்து நடுக்கோட்டில் 150 செ.மீ. பின்னால் லீட் இருந்தால், நடுவிலிருந்து 26 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள், கண்ணளவு போதாது.

இதையெல்லாம் தொடங்கும் முன் பாய்மரத்தின், அதாவது மாஸ்ட்டின், சாய்வை முடிவு செய்துவிட வேண்டும். மாஸ்ட்டைப் பின்னால் சாய்த்தால் க்ளூ கீழே இறங்கும். லீடைத் தொடாமலேயே அதைப் பின்னே தள்ளிய விளைவு வந்துவிடும். அப்புறம் பழைய கோட்டை அழித்துவிட்டு மறுபடியும் நூலைப் பார்க்க வேண்டியதுதான்.