லேசர் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டேன்

ஏழாம் வகுப்பில் ஏறிய கண்ணாடி. இப்போது வயது 34, வலக்கண் மைனஸ் 6.5, இடக்கண் மைனஸ் 7. கண் விழித்ததும் தலையணைப் பக்கம் கையை விட்டுத் துழாவாமல் ஒருநாளும் எனக்கு விடிந்ததில்லை. மழையில் வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தம்பி எட்டு வருடம் முன்பு, லேசரால் கருவிழியைச் செதுக்கிக் கண் பவரைச் சரிசெய்யும் லாசிக் சிகிச்சை செய்துகொண்டு இன்றுவரை நன்றாக இருக்கிறான், ஆனால் அவனுக்கு இருந்தது மைனஸ் 3தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசனும் ஐபிஎம்மில் அவரோடு வேலை பார்த்த இருவரும் 1981இல், விருந்தில் மீந்த வான்கோழிக் கறியில் எக்ஸைமர் என்ற புற ஊதா லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள், சுற்றியிருந்த சதை கருகாமல் துல்லியமாக வெட்டியது, இந்த சிகிச்சை அதிலிருந்துதான் வளர்ந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இதன் மேல் தனி மரியாதை உண்டு. ஆகவே, பயந்துபோய்ப் பின்வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் போன மருத்துவமனையில் "ஒரு பிரச்சினையும் இல்லை மேடம், இந்த மாசத்துக்குள்ள பண்ணினா தள்ளுபடி இருக்கு" என்றார்கள். கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தின், தடிமன் எவ்வளவு என்று நானாகக் கேட்ட பிறகுதான் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். பொதுவாக 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும், எனக்கு 500. லாசிக்கில் கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மூடி போல வெட்டித் திறப்பார்கள், அதற்கு 110 போய்விடும், பிறகு ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் வீதம் செதுக்கினால் மைனஸ் 7க்கு ஏறக்குறைய 100 போகும், மிச்சம் 290. 250க்குக் கீழே போகவே கூடாது, 300 இருந்தால் நிம்மதி என்று நினைக்கும் மருத்துவர்கள் நிறைய. ரொம்ப மெலிந்தால் கருவிழி வலுவிழந்து முன்னால் பிதுங்கலாம், பார்வையே கோணிப்போகும். இதை ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை?

இன்னொரு மருத்துவரிடம் போனேன். அவர் கீழ் இமையில் காகிதத் துண்டை ஐந்து நிமிடம் செருகி வைத்துப் பார்த்தார். குறைந்தது 10 மில்லிமீட்டராவது கண்ணீரில் நனைய வேண்டும், எனக்கு 6தான். நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. "லேசர்ல கருவிழி நரம்பு கொஞ்சம் அறுபடும்மா, அதனால வறட்சி சில மாசத்துக்குக் கூடும், உங்களுக்கு இப்பவே ஈரம் கம்மி" என்றார். மூடி வெட்டாத பிஆர்கே முறையில் தடிமன் மிஞ்சும், ஆனால் சில நாள் நல்ல வலி, பார்வை தெளியவும் வாரக்கணக்கில் ஆகும், வறட்சிப் பிரச்சினை அதிலும் தீராது. சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் நாற்பதைத் தாண்டியதும் படிக்கக் கண்ணாடி வரத்தான் போகிறது.

சொட்டு மருந்து ஆரம்பித்தாயிற்று, ஆறு மாதம் கழித்து மறுபடி காகிதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கனம் குறைந்த லென்ஸ் போட்டுப் புதுக் கண்ணாடிக்கும் கொடுத்துவிட்டேன், சனிக்கிழமை வாங்க வேண்டும்.