ஒரு கோடியே பத்து லட்சம் செங்கல்: ஸ்டாக்போர்ட் போய் வந்தேன்

முதலில் அந்த டாக்சி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

மான்செஸ்டர் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது இரவு பதினொன்றரை. நான் போக வேண்டிய ஊரான ஸ்டாக்போர்ட் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். வாசலில் நின்ற ஒருவர் 20 பவுண்டு என்றார், தூக்கக் கலக்கத்தில் ஏறிவிட்டேன். ஹோட்டல் வந்ததும் 38 கேட்டார். இரவு நேரத்துக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு பவுண்டு நம் காசுக்கு 115 ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் காசில் கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு ஸ்லீப்பர் பஸ்ஸில் இரண்டு தடவை போய் வரலாம்.

இங்கிலாந்தில் முன்பதிவு இல்லாமல் தனியார் வாடகைக் கார் தெருவில் நின்று ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. எனக்கு இது மறுநாள்தான் தெரிந்தது. ஸ்டாண்டில் நிற்கும் மீட்டர் டாக்சியில் ஏறுங்கள், இல்லை ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். பகலில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ரயிலில் மான்செஸ்டர் பிக்காடில்லி போய் அங்கே மாறினால் பத்தே நிமிடம்.

சரி. எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். தங்குவதைச் சொல்லிவிடுகிறேன்: நான் போன வாரத்தில் மான்செஸ்டரில் ஒரு ராத்திரிக்கு 95 பவுண்டு கேட்ட அதே தரத்து அறை, ஸ்டாக்போர்ட்டில் 52-க்குக் கிடைத்தது. மான்செஸ்டர் பார்க்கப் போகிறவர்கள்கூட இங்கே தங்கிவிட்டுப் போய்வரலாம். மற்றதெல்லாம் அந்தப் பாலத்துக்கு அப்புறம்தான்.

காலையில் அறையின் திரையை விலக்கினேன். ஜன்னல் முழுக்கச் செங்கல். மெர்சி ஆற்றுப் பள்ளத்தின் இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்கு, 27 வளைவுகளோடு ஒரு ரயில் பாலம் நிற்கிறது. 1840-இல் கட்டி முடித்தது. பத்து மாடி உயரம், கிட்டத்தட்ட 34 மீட்டர். ஒரு கோடியே பத்து லட்சம் செங்கல் பிடித்ததாம். லண்டன் ரயில்கள் இன்றும் இதன் மேல்தான் ஓடுகின்றன. பல் துலக்காமல் கீழே இறங்கிப் போய் ஒரு தூணில் கையை வைத்துப் பார்த்தேன். பழைய செங்கலெல்லாம் கரிபிடித்து ஊதாவும் கறுப்புமாக இருக்கிறது. நடுநடுவே மாற்றி வைத்த செங்கல் மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி சிவப்பாகத் தெரிகிறது. மேலே ரயில் போகும்போது காதில் சத்தம் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உள்ளங்கையில் அதிர்வு தெரிந்துவிடுகிறது.

1840-களில் மான்செஸ்டரில் இருந்த, மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ், இந்த வட்டாரத்திலேயே இருட்டும் புகையும் மண்டிய பொந்துகளில் ஒன்று ஸ்டாக்போர்ட், அதிலும் பாலத்து மேலிருந்து பார்த்தால் சகிக்காது என்று எழுதிவைத்தார். இன்று அதே பாலத்தின் படத்தைப் போட்டுத்தான் முதலீடு செய்ய வாருங்கள் என்று ஊரார் அழைக்கிறார்கள். மான்செஸ்டருக்குப் பத்து நிமிடம், லண்டனுக்கு இரண்டு மணி நேரம், பக்கத்திலேயே விமான நிலையம். கட்டுமானம் நடக்கும் இடங்களின் தடுப்புப் பலகைகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். விளம்பரம் எல்லா ஊரும்தான் செய்கிறது. இந்த ஊர் விளம்பரத்துக்கு முன்னால் வேலையைச் செய்திருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

என் சித்தி மகள் இங்கே நர்ஸ். நான்கு வருடமாக இருக்கிறாள். மதியம் ஷிப்ட் முடிந்து வந்தவள், "அண்ணா, முதல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போலாம்" என்றாள். இவ்வளவு தூரம் வந்து பஸ் ஸ்டாண்டா என்று கேட்டேன். "வாங்க, சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

2024 மார்ச்சில் திறந்த பேருந்து நிலையம் அது. கிட்டத்தட்ட 14 கோடி பவுண்டுத் திட்டம், பக்கத்திலேயே எழும்பிய 196 வீடுகள் கொண்ட அடுக்குமாடியும் அதில் சேர்த்தி. கீழே கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருக்கின்றன, பஸ் வந்து நின்றால்தான் திறக்கின்றன. மழைச் சாரல் உள்ளே வருவதில்லை, டீசல் புகையும் வருவதில்லை. லிப்டில் ஏறினால் பஸ் ஸ்டாண்டின் கூரை மேலேயே ஒரு பூங்கா. இரண்டு ஏக்கர்! புல்வெளி, குழந்தைகள் விளையாடும் இடம், அகலமான பெஞ்சுகள், தலைக்கு மேலே அந்த 27 வளைவுகள். அங்கிருந்து ஒரு சுருள் சாய்வுப் பாதை ஆற்றங்கரைக்கு இறங்குகிறது, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாத்தா சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தார். முன்பு இந்த இடத்தில் இருந்த பழைய பஸ் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லும்போது தங்கச்சி முகத்தைச் சுளித்தாள். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் அங்கே தனியாக நிற்கப் பயந்திருக்கிறாள். இப்போது நைட் ஷிப்ட் முடிந்து அதே இடத்தில் பஸ் மாறுகிறாள்.

புத்துயிர்ப்பு என்ற வார்த்தையை அறிக்கைகளில் படித்தால் ஒன்றும் புரிவதில்லை. ஒரு பெண் ராத்திரியில் பயமில்லாமல் பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்றால் எனக்கு அது புரிகிறது.

இதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். 2019-இல், இந்த ஊர் மையத்தின் மேற்குப் பகுதிக்கென்றே கிரேட்டர் மான்செஸ்டர் மேயரின் கீழ் ஒரு வளர்ச்சிக் கழகம் அமைத்தார்கள். தொடக்கத்தில் சுமார் 130 ஏக்கர் அதன் பொறுப்பு. முதலில் வைத்த இலக்கு ஆயிரக்கணக்கான வீடுகள். சிறு சிறு துண்டாகக் கிடக்கும் பழைய தொழிற்கூட நிலங்களைச் சேர்ப்பது, அனுமதிகளை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவது, பேருந்து நிலையம், பூங்கா, நடைபாதை ஆகியவற்றை அரசுப் பணத்தில் முதலில் போடுவது, அப்புறம் தனியார் கட்டுமான நிறுவனங்களைக் கூப்பிடுவது. இந்த வரிசை முக்கியம். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் அபார்ட்மெண்ட் வருகிறது, ஆள் குடியேறி ஐந்து வருடம் கழித்துச் சாக்கடை வருகிறது, பஸ் வருவதே இல்லை. மான்செஸ்டரின் டிராம் இன்னும் ஸ்டாக்போர்ட்டை எட்டவில்லை. ஆனால் ஒரு நாள் வரும் என்று அதற்கும் யோசித்துத்தான் இந்த நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

பாலத்துக்கு நேர் கீழே, ஆற்றை ஒட்டி வியர் மில். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பஞ்சாலை. அதை இடிக்காமல் சீர்செய்து, பக்கத்தில் புதுக் கட்டடமும் சேர்த்து 253 வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் அப்பா கோவையில் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் 31 வருடம் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றும். அவர் வீடு திரும்பும்போது புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா வாசலிலேயே துண்டால் தட்டிவிடுவாள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததே இந்தச் சீமையின் பஞ்சாலைகளை வைத்துத்தான். 2020 ஊரடங்கோடு நின்ற மில்களில் சில இன்றுவரை திறக்கவில்லை. கூரை ஓடு சரிந்து, உள்ளே வேலாமரம் முளைத்துக் கிடக்கிறது. இடித்துவிட்டு மனை போட்டால் நல்ல விலை என்று பேசிக்கொள்கிறார்கள். பழைய மில்லின் இரும்புத் தூண்களை இடிக்காமல் வைத்துக்கொண்டே ஒரு ஊர் கோடிக்கணக்கில் முதலீட்டை இழுக்கிறது என்பதை இங்கே வந்து நேரில் பார்த்தேன்.

அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கட்டடத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஜன்னல் வரிசையைப் பார்த்ததுமே "இது ஸ்பின்னிங் ஹால்தான்டா" என்றார். "உள்ள யார் இருக்காங்க?" வாடகைக்கு இருக்கிறார்கள், மான்செஸ்டரில் வேலை பார்க்கிறவர்கள்தான் அதிகமாம் என்றேன். "வாடகை எவ்வளவு?"

அந்தக் கேள்விக்குத் தங்கச்சிதான் பதில் சொன்னாள். "இந்த மாதிரி புது எடத்துல ஒரு பெட்ரூமுக்கு மாசம் ஆயிரம் பவுண்டுக்கு மேல பெரியப்பா. என் சம்பளத்துல பாதி." அவள் ஸ்டாக்போர்ட்டின் எட்ஜ்லி பகுதியில் ஒரு பழைய வரிசை வீட்டில் இன்னும் இரண்டு நர்ஸ்களோடு இருக்கிறாள். இது எனக்கு உறுத்துகிறது. ஊரை ஓட்டுகிறவர்கள் நர்ஸ்களும் பஸ் டிரைவர்களும்தான். பாலத்தடியில் வரும் வீடுகளில் அவர்கள் கையைக் கடிக்காத வாடகைக்கு நல்ல ஒரு பங்கு இருந்தாக வேண்டும். பேருந்து நிலையத்தை முதலில் கட்டிய அதே அக்கறை வாடகையிலும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மெர்சிவே என்று ஊர் நடுவே ஒரு கடைவளாகம், 1965-இல் திறந்தது. ஆற்றுக்கு மேலேயே மூடிக் கட்டியிருக்கிறார்கள். கோய்ட், டேம் என்ற இரண்டு ஆறுகள் கூடி மெர்சி ஆறு பிறப்பதே இந்த ஊரில்தான். லிவர்பூல் வரை போகும் ஆறு, பிறந்த கையோடு கான்கிரீட்டுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. வளாகத்தில் ஷட்டர் போட்ட கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஆற்றை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்துவிட்டாலே பாதி ஊர் உயிர்பெறும்.

சாப்பாடு! மேட்டுக்கு ஏறினால் மார்க்கெட் பிளேஸ். 1260-இலேயே சந்தை நடத்த உரிமை வாங்கிய ஊர் இது. நடுவில் இரும்பும் கண்ணாடியுமாக 1861-இல் கட்டிய சந்தைக் கூடம் நிற்கிறது. பக்கத்துக் கடை ஒன்றில் சீஸும் வெங்காயமும் மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' (pie) ஒன்று வாங்கினேன், 6 பவுண்டு. மேலோட்டை முட்கரண்டியால் உடைத்ததும் ஆவி முகத்தில் அடித்தது. வெங்காயத்தை நன்றாக வதக்கியிருக்கிறார்கள், நம் வெங்காயத் தொக்கின் இனிப்பு. சீஸ் லேசான புளிப்பு. தூக்கலாக வெள்ளை மிளகு. பக்கத்தில் மசித்த பட்டாணி. வெளியே ஊசித் தூறல், உள்ளே இது. இரண்டாவது ஒன்றும் வாங்கினேன். அந்த 12 பவுண்டுக்கு நான் வருத்தப்படவே இல்லை. சைவக்காரர்கள், மேலே ஊற்றும் கிரேவி எதில் செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்புறம் ஸ்டேர்கேஸ் ஹவுஸ், 1460-ஐ ஒட்டிக் கட்டிய மர வீடு. சந்தை மேட்டிலிருந்து படிக்கட்டில் இறங்கினால் அண்டர்பேங்க்ஸ் என்ற பழைய தெருக்கள். ஊர் இரண்டு அடுக்காக இருக்கிறது, தலைக்கு மேலே இன்னொரு தெரு பாலமாகப் போகிறது. வெகுகாலம் காலியாகக் கிடந்த கடைகளில் இப்போது பழைய இசைத்தட்டுக் கடை, பேக்கரி, தையல்காரர், சின்னச் சின்ன உணவகங்கள். பெரிய பிராண்டு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மாலை வரை அங்கேயேதான் சுற்றினேன்.

பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. மணற்கல் பாறையைக் குடைந்து 1939-இல் திறந்த விமானத் தாக்குதல் பதுங்கு சுரங்கம், பின்னால் 6,500 பேர் வரை ஒதுங்கும் அளவுக்குப் பெரிதாக்கியது. சிவப்புச் சுவரில் உளித் தடம் அப்படியே இருக்கிறது. அப்புறம் வெலிங்டன் மில்லில் தொப்பி அருங்காட்சியகம். 1884 வாக்கில் வருடத்துக்கு 60 லட்சம் தொப்பிகளுக்கு மேல் ஏற்றுமதி செய்த ஊர், கடைசித் தொப்பி ஆலையை 1997-இல் மூடியது. ரோமத்தை இறுக்கிக் கம்பளித் துணி போலாக்கப் பாதரசக் கரைசல் பூசியிருக்கிறார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும் வந்திருக்கிறது. ஊர்க் கால்பந்து அணிக்கு இன்றும் தொப்பிக்காரர்கள் என்றுதான் பட்டப்பெயர்.

பஸ் டிக்கெட் விஷயம் மறந்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் ஓடும் மஞ்சள் நிற பீ நெட்வொர்க் பஸ்ஸில், நான் போனபோது ஒரு தடவைக்கு 2 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு. மான்செஸ்டருக்குப் போக 192-ஆம் எண். அடிக்கடி வருகிறது, மாடியில் முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அன்று சாயந்திரம் மார்க்கெட் பிளேஸ் முழுக்கச் சாப்பாட்டுக் கடை போடுகிறார்கள். நான் போனது இரண்டாம் வெள்ளி. அடுத்த முறை நான் வரும்போது தேதி பார்த்துச் சொல்வதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன், அந்த முற்றத்தில் அவரை நிறுத்திப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.