வார்னிஷ்

மறைந்த ஆசிரியர்களுக்காக நம் பள்ளியின் இந்த மலரில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. செயலாளர் அனுப்பிய பட்டியலில் நம் மரவேலை ஆசிரியரின் பெயர் கடைசியில் இருந்தது. பக்கத்தில் ‘படம் கிடைக்கவில்லை’ என்று ஒரு குறிப்பு. கிடைத்திருக்காதுதான். குழுப் படங்களில் அவர் எப்போதும் பின்வரிசையின் ஓரத்தில் நிற்பார். சட்டம் போடும்போது தோள் பாதி வெட்டுப்பட்டுவிடும். பௌதிக ஆசிரியரைப் பற்றி எழுதப் பலர் முன்வந்தார்களாம், இவருக்கு ஒருவரும் இல்லையாம். அதனால்தான் நான் எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்து யாரென்று விளங்காதவர்களுக்காக இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன்: ‘வார்னிஷ்’. இப்போது விளங்கியிருக்கும்.

பிடி உடைந்த பழைய வில்லுக்கத்திகளை அவர் எங்கிருந்துதான் பொறுக்கினாரோ, அந்தத் தகரப் பெட்டி ஒருநாளும் காலியானதில்லை. பேனாத்தட்டும் படச்சட்டமும் செய்யும் ஆசையோடு மரவேலை அறைக்குள் போன நமக்கு அவர் தந்தது துருப்பிடித்த அலகும் ஒரு மரத்துண்டும்தான். இதற்குப் பிடி போடும், என்பார். படச்சட்டம் கோணினால் சுவரைக் குறை சொல்லலாம், மடக்குக் கத்தியில் அந்த வசதி கிடையாது என்பது அவர் கட்சி. அலகு இறங்கும் பள்ளம் ஒரு மயிரிழை சரிந்தாலும் அலகு ஒரு பக்கச் சுவரை உரசும். ஆணித்துளை சற்றுச் சாய்ந்தால் நுனி வெளியே எட்டிப் பார்க்கும்.

என் பள்ளம் சரிந்துதான் போயிற்று. மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியை அடைத்தேன். அதற்கு மேல் வார்னிஷை அள்ளிப் பூசினேன். பிடி மின்னியது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். அலகு பாதி வழியில் நின்றது. பள்ளத்துக்குள் வழிந்த வார்னிஷ் அங்கேயே காய்ந்திருந்தது.

அடித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. விறாந்தையில் காத்து நின்ற கீழ்வகுப்பை உள்ளே அழைத்தார். உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை என் கையில் தந்து, “சுரண்டும்” என்றார். முன் மேசையில் நின்று நான் சுரண்ட, என் கையைச் சுட்டிக்காட்டியே அவர் பாடம் நடத்தினார். கண்ணாடியின் விளிம்பை எவ்வளவு சாய்க்க வேண்டும், மர ரேகை ஓடும் திசையில் ஏன் இழுக்க வேண்டும், எதிர்த்து இழுத்தால் நார் எப்படிக் கிளம்பும். “இவர் மூடியதை இவரே திறந்து காட்டுகிறார், நன்றாகப் பாருங்கள்.” மணி அடிக்கும்வரை பார்த்தார்கள். பெயரைச் சூட்டியதும் அந்தக் கீழ்வகுப்புத்தான். அன்று முன்னால் நின்று சிரித்தவர்களில் ஒருவர் இப்போது மலர்க் குழுவில் இருக்கிறார். இந்தப் பந்தியை வெட்டாமல் விடுவார் என்று நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு நான் மரவேலையை விட்டு வணிகத்துக்குப் போனேன். வீட்டாரும் அதைத்தான் விரும்பினார்கள். அந்த அறையைக் கடக்காமல் பின் படலைக்குப் போக முடியாது என்பது மட்டும் நெடுநாள் தொல்லையாக இருந்தது.

பிறகு எல்லாரையும் போல நானும் புறப்பட்டேன். பிரான்சில் கணக்கெழுதிப் பிழைத்தேன். இங்கே ஒப்பினெல் என்ற மடக்குக் கத்தியைத் தெரியாதவர்கள் இல்லை. சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கியது. 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கமிட்டு அளவுகள் வந்தன. உருண்டைப் பீச் (beech) மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, கழுத்தில் வளையம், அவ்வளவுதான். சுழற்றி அலகைப் பூட்டும் வெளிவளையம்கூட 1955இல்தான் சேர்ந்தது. மலிவான பொருள், ஆனால் மலிவுக்காக எதையும் ஒளிக்காத பொருள். எட்டாம் இலக்கம் ஒன்றை வாங்கினேன். எட்டரை சென்டிமீட்டர் அலகு, துருப்பிடிக்கும் பழைய கார்பன் எஃகு.

மழைக்காலம் வந்ததும் கத்தி திறக்க மறுத்தது. பீச் மரம் ஈரத்தை இழுத்து ஊதும். பள்ளம் நெருங்கி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உடன் வேலை செய்த முதியவர் ஒருவர் கத்தியை வாங்கி, பிடியின் முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். அலகு நகம் கொள்ளும் அளவுக்கு வெளியே வந்தது. சவோய்க்காரர் தட்டு என்று இதற்கு இங்கே பெயராம். சவோயைக் கண்ணாலும் காணாத நம் ஆசிரியர் பட்டறை மேசையில் தட்டிய அதே தட்டு. எனக்குக் கை கூசியது.

அன்று இரவே அந்தக் கத்தியைப் பிரித்தேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், முதலில் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். வளையம் விரிக்கும் குறடு இருந்தால் கீறாமல் வரும். அலகின் கூரைத் தடித்த நாடாவால் சுற்றிவிடுங்கள். மெல்லிய தகட்டில் உப்புத்தாளைச் சுற்றிப் பள்ளத்தின் இரு சுவர்களையும் மாறி மாறித் தேயுங்கள். மடக்கி வெளிச்சத்தில் பார்த்த பிறகே மறுபடி தேயுங்கள். கூட எடுத்துவிட்டால் அலகு ஆடும். மேற்பூச்சைச் சுரண்டி எறியுங்கள். கண்ணாடித் துண்டு போதும், இதில் எனக்குப் பயிற்சி உண்டு. பீச்சின் பொடிப் பழுப்புக் கீற்றுகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிடியின் வயிற்றை அரத்தால் ஒடுக்கிக் கைக்கு இசைவாக்கலாம், வால் முனையைச் சரிவாக வெட்டலாம், கயிற்றுக்குத் துளையிடலாம். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பும் நாரைக் காயவிட்டுத் தேய்த்தால் பிறகு எழும்பாது. கடைசியில் ஆளிவிதை எண்ணெய், பல நாள் இடைவெளியில், மிக மெல்லியதாக. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பற்றும், விரித்துக் காயவிடுங்கள். அலகை வினாகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் சாம்பல் நிறம் பிடிக்கும், செந்துரு அவ்வளவு சீக்கிரம் அண்டாது. சிலர் பிடியில் பித்தளைப் பூ பதிக்கிறார்கள், பிசினில் நிறம் கலந்து ஊற்றுகிறார்கள். அவர்கள் யாருக்கும் நம் ஆசிரியர் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கத்திகள். கணக்குப் புத்தகங்களைப் பற்றி இவ்வளவு ஆசையோடு நான் எதையும் எழுதியதில்லை என்பதை இந்தக் கட்டுரையை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஓய்வுபெற்ற பின் அவரை ஒருமுறை போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன கத்தியைக் கொடுத்தேன். பெயர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. திறந்தார், மடக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

“இடப்பக்கம் கூட எடுத்துவிட்டீர்.”

“ஓம் சேர்.”

கட்டைவிரலால் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். “வார்னிஷ் இல்லை” என்றார். பிறகு, “அந்த வருஷம் ஏன் விட்டுவிட்டுப் போனீர்? அடுத்த தவணை உமக்குச் சீவுளி பிடிக்கப் பழக்க இருந்தேன்” என்றார். வணிகம், வீட்டார் என்று ஏதோ சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கத்தியைத் திருப்பித் தரவில்லை.

செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. தொலைபேசியில் மகனோடு பேசினேன். அப்பா கடைசிவரை அந்தக் கத்தியால்தான் பென்சில் சீவினார் என்றார். வருகிறவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டி, இடப்பக்கப் பள்ளம் அகலம் என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.