பறவைக்காய்ச்சல் சமயத்துல ஊர் ஊரா போய் பேசுன அனுபவம்

2021 ஜனவரில ஆலப்புழா, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்கு பறவைக்காய்ச்சல்னு உறுதியானதும் பொள்ளாச்சில எங்க பக்கம் ஒரே பரபரப்பு. பார்டர் செக்போஸ்ட்ல கேரளா வண்டிக்கெல்லாம் மருந்து அடிக்கறாங்க, கோழி வாத்து ஏத்திட்டு வந்தா திருப்பி அனுப்பறாங்க, இந்தப் பக்கம் வாட்ஸ்அப்ல கறி சாப்டா செத்துருவீங்கன்னு ஃபார்வேர்ட் மேல ஃபார்வேர்ட், கறிக்கடையில ஈ ஓட்டறாங்க. அப்பதான் கால்நடை டாக்டர்கூட கிராமத்துக்குப் போய் பேச மகளிர் குழுல இருந்து என்னை அனுப்புனாங்க.

கைல குடுத்த நோட்டீஸ்ல கொண்டை நீலமாகும், தலை வீங்கும், முட்டை குறையும், திடீர்னு கூட்டமா சாகும்னு அறிகுறியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா அதை பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டிட்டு வந்தா யார் படிப்பாங்க சொல்லுங்க, வீட்டுக்கோழி வளர்க்கறது பூராம் பொம்பளைங்க, அவங்க அந்தப் பக்கமே போறதில்ல. அதனால நூறு நாள் வேலை நடக்கற எடத்துக்கே போனோம், டீ குடிக்கற நேரத்துல உக்காந்து பேசினோம்.

கறி சாப்டலாமாங்கறது லேசான கேள்வி. 70 டிகிரிக்கு மேல நல்லா வெந்தா கிருமி செத்துரும், அரைவேக்காடு முட்டை வேண்டாம், பச்சைக்கறி தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க, அவ்வளவுதான்.

கஷ்டமான கேள்வி வேற. ஒரு பெரியம்மா நேரா கேட்டுட்டாங்க, "ஏங்கண்ணு, கோழி செத்துச்சுன்னு நாங்க சொன்னா மிச்சத்தையும் புடிச்சுக் கொன்னுபோடுவீங்களா?" எல்லார் மனசுலயும் இருந்தது அதுதாங்க. இந்த பயத்துக்கு பதில் சொல்லாம நீங்க எத்தனை நோட்டீஸ் அடிச்சாலும் செத்த கோழி வாய்க்காலுக்குத்தான் போகும், நோவு வந்த கோழி பாதி விலைக்கு சந்தைக்குத்தான் போகும். டாக்டர் மறைக்காம சொன்னாரு. ஒண்ணு ரெண்டு செத்தா யாரும் கொல்ல வரமாட்டாங்க, சாம்பிள் போபால்ல இருக்கற மத்திய அரசு கால்நடை நோய் லேபுக்குப் போகும், அங்க உறுதியானாத்தான் சுத்தி 1 கிலோமீட்டர்ல இருக்கற கோழி வாத்தெல்லாம் அழிப்பாங்க, அப்படி அழிக்கறதுக்கு அரசாங்கம் இழப்பீடு குடுக்கும், ஆனா தானா செத்ததுக்குக் கிடைக்காது, அதனால சீக்கிரம் சொல்றதுதான் உங்களுக்கே லாபம்னாரு. அந்த இழப்பீடு விஷயம் நோட்டீஸ்ல ஒரு வரி கூட இல்லைங்க, எனக்கு ரொம்ப வருத்தம், அதுதான் முதல் வரியா இருந்திருக்கணும்.

அப்புறம் அந்த ஊர் பேச்சுலயே வாய்ஸ் மெசேஜ் போட்டு குழு வாட்ஸ்அப்ல அனுப்பினோம், செத்த கோழியை வெறும் கையில தொடாதீங்க, கவரை கையில மாட்டி எடுங்க, நாய் தோண்டாத அளவுக்கு குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க, அதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு. நோட்டீஸ விட அதுதான் நல்லா சுத்துச்சு.

கொஞ்ச நாள்ல அதே பெரியம்மாகிட்ட இருந்து போன், கோழி வரிசையா சாகுதுன்னு. டாக்டர் போய் சாம்பிள் எடுத்தாரு, கடைசில அது பறவைக்காய்ச்சல் இல்ல, வெள்ளைக்கழிச்சல்ங்கற வேற கோழி நோவு. நல்லா இருந்த கோழிகளுக்கு அந்தத் தெருவுலயே தடுப்பூசி போட்டோம், பெரியம்மாவே பக்கத்து வீட்டுக்காரங்களை கூப்ட்டு கூப்ட்டு கோழி புடிச்சுட்டு வரச் சொன்னாங்க.